பூஜ்ஜியம் காட்டிய வீடு

கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவள் மட்டும் கைதட்டவில்லை.

சுவரில் விழுந்த பெரிய படத்தில் பட்டியல். இந்த மாதம் மிகக் குறைவாகக் கரண்ட் செலவழித்த வீடு: இரண்டாம் மாடி, பி.

அப்பா வீடு.

"கரண்டே இல்லாம வாழ்ற சித்தருங்க இவரு! எங்க ஆளு? வரச் சொல்லுங்க, கால்ல விழுந்துக்குறேன்!" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

கீழ்த்தளக் கூடமே குலுங்கிச் சிரித்தது. அப்பா வரவில்லை.

அவளும் அவளுடைய ஆட்களும் சேர்ந்து இந்தக் கட்டடத்துக்கு மூளை வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆளில்லாத அறையில் விளக்கு தானே அணையும். சன்னல் திறந்திருந்தால் ஏ.சி. வாயை மூடிக்கொள்ளும். போன வாரம் நாலாம் மாடிச் சுவருக்குள் ஒழுகிய குழாயைக் கட்டடமே கண்டுபிடித்துச் சொன்னது. முதல் நாள் முறைத்தவர்கள்கூட இப்போது சுவரில் இருக்கும் கருவிக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

சோதனை முடிந்தது, இதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று இன்று கேட்டார்கள். ஒரு கைகூடக் கீழே இல்லை. சிலர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார்கள்.

அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

அடுத்தவர் வீட்டுக் கணக்கை மணிவாரியாகத் திறந்து பார்க்கக் கூடாது. அந்த விதியை எழுதியவளே அவள்தான். அப்பா எப்படி அடுத்தவர் ஆவார்? கைப்பேசியில் திறந்தாள்.

தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை விளக்கு பூஜ்ஜியம். மின்விசிறி பூஜ்ஜியம். டிவி பூஜ்ஜியம். ஃபிரிட்ஜ் மட்டும் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்திருக்கிறது.

தினமும் ஏழரைக்கு அவள் போன் பண்ணுவாள். டிவி பார்ப்பதாகத்தான் அப்பா சொல்வார். தினமும் அதே பதில்.

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இந்த விளக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அறையில் ஆளே இல்லை என்று முடிவுகட்டி அணைந்துவிடும். கை காலை ஆட்டினால்தான் மறுபடி வரும்.

அப்பா ஆட்டவில்லை. மூன்று மணி நேரம். அம்மா போய் இரண்டு வருடம் கழித்து, இருட்டில் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, டிவி பார்ப்பதாக மகளிடம் பொய் சொல்கிறார்.

"எங்கம்மா ஓடுற? உனக்குத்தான் மாலை!" என்று செயலாளர் கத்தியது முதுகில் கேட்டது.

படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள். கதவின் பூட்டு எண் அவள் பிறந்த தேதி. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவதில் திறந்தது.

"அப்பா?"

கும்மிருட்டு. அவள் ஒரு அடி வைக்க, கூடத்து விளக்கு எரிந்தது. இன்னொரு அடிக்கு அடுத்த விளக்கு. சோபா காலி. கட்டில் காலி. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்னக் கிண்ணம், அதில் காய்ந்துபோன கறுப்புத் தலைச்சாயம், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்.

அப்பாவுக்கு எதற்குத் தலைச்சாயம்?

போன் போட்டாள்.

"சொல்லு குட்டிம்மா. டிவி பாத்துட்டிருக்கேன்."

அவள் டிவியைப் பார்த்தாள். அணைந்து கிடந்த டிவியில் அவள் முகம்தான் தெரிந்தது.

மறுமுனையில் எண்ணெய் சடசடத்தது. அதற்கும் மேலே ஒரு பெண் குரல்: "ரெண்டே ரெண்டு வெங்காயம் நறுக்கச் சொன்னா, ஊரே செத்த மாதிரி அழுதுட்டு நிக்கிறீங்க! தள்ளுங்க அந்தப் பக்கம்!"

"யாருப்பா அது?"

"டிவிலம்மா... டிவில பேசுறாங்க."

டம்ளரைக் கழுவி வைக்கக்கூடத் தெரியாத மனுஷன் வெங்காயம் நறுக்குகிறார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வருடமாக அப்பாவை யாருமே திட்டவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. திட்டு வாங்கிக்கொண்டே அவர் சிரிக்கிற சிரிப்பு காதுக்குள் வந்து விழுந்தது.

அப்போது அவர் பக்கம் 'டிங்' என்றது. பத்து ஒலிகளைக் கேட்டுப் பார்த்து அவளே பொறுக்கியெடுத்த ஒலி. உங்கள் வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று கட்டடம் வீட்டுக்காரருக்குச் சொல்லும் செய்தி.

எண்ணெய்ச் சத்தம் நின்றது. யாரோ அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"குட்டிம்மா..." அப்பாவின் குரல் பள்ளிக்கூடப் பையன் குரலாகியிருந்தது. "நீ இப்ப எங்க இருக்க?"

வாயைத் திறந்தால் வெடித்துவிடும். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. இணைப்பைத் துண்டித்தாள். கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். கீழே போய் மாலையை வாங்கிக்கொள்ளலாம். அவர் நிம்மதியாக டிவி பார்க்கட்டும்.

நடைவழிக் கோடியில் லிஃப்ட் வந்து நின்றது. அவள் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

வீட்டுக்குள் இருந்தபடியே விருந்தாளி நிற்கும் மாடிக்கு லிஃப்டை அனுப்பலாம். அதைச் சொல்லிக்கொடுத்த அன்று எல்லாரும் கொட்டாவி விட்டார்கள். ஐந்தாம் மாடித் தையல் டீச்சர் மட்டும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, துணியளக்கும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. பொத்தான் வரிசையில் ஐந்து மட்டும் எரிந்துகொண்டிருந்தது.