இரண்டு பேருக்கு ஒரு லிப்ஸ்டிக்

கவுண்டருக்குக் கீழே இடது கையை வைத்துக்கொண்டு அவள் அதில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது. குனிந்து பல்லால் கடித்தாள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள். பாலிடெக்னிக் சீருடை. ஒருத்தி நல்ல சிவப்பு, ஒருத்தி நல்ல கறுப்பு. நாளை மறுநாள் பேர்வெல் விழா. இருவரும் பாதிப் பாதி போட்டு ஒரே ஒரு லிப்ஸ்டிக் வாங்க வந்திருக்கிறார்கள். புதுச் சரக்கு, நூற்று நாற்பத்தொன்பது ரூபாய், அட்டையில் பன்னிரண்டு நிறம்.

"ரெண்டு பேருக்கும் எடுக்கணும்க்கா." இருவர் நிறத்துக்கும் பொருந்த வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அண்ணாச்சியின் பேன்சி ஸ்டோரில் வாங்க வருகிறவர்கள் மேல் எதையும் பூசிக் காட்டக் கூடாது. ஓசியில் பூசிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய்விடுவார்களாம். விற்கிற பெண்ணின் கைதான் உதடு, கன்னம், கண்ணிமை எல்லாம்.

வலது கையில் மூன்று நிறம் போட்டுக் காட்டிவிட்டாள். அவளும் கறுப்புதான். கறுத்த பிள்ளைக்கு எது எடுக்கும் என்று தெரிந்தது. சிவத்த பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள்.

இடது கைக் கட்டு அவிழ்ந்தது.

அதற்கு வயது மூன்று மாதம். உள்ளே காயம் எதுவும் இல்லை.

வெள்ளைத் திட்டு. புறங்கையில், ஒரு வெற்றிலை அகலத்துக்கு.

கட்டுப் போடச் சொன்னது அண்ணாச்சி. கெட்டவர் இல்லை, பயந்தவர். "கிரீம் விக்கிற இடத்துல இதப் பாத்தா, நம்ம கிரீமப் போட்டுத்தான் இப்பிடி ஆச்சும்பாங்க. குக்கர் ஆவி அடிச்சிட்டுன்னு சொல்லு தாயி."

சொன்னாள். மூன்று மாதமாகச் சொன்னாள்.

தீக்காயம் என்றால் ஊருக்கே மனசு இளகும். கற்றாழை தடவச் சொன்னவர்கள் மட்டும் ஒன்பது பேர். ஒரு டீச்சர் வீட்டிலிருந்து மருந்தே கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்ன அன்றைக்கு அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. வீட்டில் குக்கரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அது என்ன செய்தது?

கையைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

நாலாவது நிறத்தைத் திறந்து, கறுப்பில் தொடங்கி வெள்ளை வரைக்கும் ஒரே கோடாக இழுத்தாள்.

"இந்தப் பாதி உனக்கு. இந்தப் பாதி இவளுக்கு."

இரண்டு தலைகளும் குனிந்தன. அவள் கையை இத்தனை கிட்டத்தில் யாரும் பார்த்து நாளாகிவிட்டது.

பக்கத்தில் பொட்டு அட்டை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி ஓரடி பின்னால் நகர்ந்தாள். விற்கிறவள் அதைக் கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருக்க அவளுக்கு வராது.

ஐந்தாவது நிறம். செங்கல் சிவப்பு.

"ஏட்டி, இது!" என்றாள் சிவத்தவள்.

கறுத்த பிள்ளையும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒட்டுமாக்கா?"

விற்கிறவள் லிப்ஸ்டிக்கைப் பட்டென்று மூடினாள். இந்தப் பிள்ளையுமா?

"ஒட்டாது! தொட்டாலும் ஒட்டாது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ஒட்டாது. குக்கரும் இல்ல, ஆவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இது வெண்புள்ளி. போதுமா?"

கடை முழுக்கக் கேட்டது. கல்லாவில் அண்ணாச்சி அப்படியே நின்றார்.

அந்தப் பிள்ளை திருதிருவென்று விழித்தாள்.

"லிப்ஸ்டிக்கைக் கேட்டேன்க்கா. டம்ளர்ல ஒட்டுமான்னு."

சிவத்தவள் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. தோழியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விற்கிறவளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. மூன்று மாதத்தில் அந்தக் கவுண்டரில் நின்று அவள் சொன்ன முதல் உண்மை அது. நன்றாக இருந்தது.

கறுத்த பிள்ளை ஆள்காட்டி விரலை நீட்டினாள். வெள்ளைத் திட்டின் மேல் இருந்த கோட்டில் வைத்து, அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள். விரலைத் தூக்கிப் பார்த்தாள்.

சிவந்திருந்தது.

"லேசா ஒட்டுதுட்டி," என்றாள் தோழியிடம். "பரவால்ல. டம்ளரைக் கழுவிக்கிடலாம்."

இருவரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் யார் பையில் இருக்க வேண்டும் என்று வாசல் வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

பொட்டு அட்டைக்காரி எப்போதோ போய்விட்டிருந்தாள்.

அண்ணாச்சி கவுண்டர் ஓரமாக வந்து நின்றார். கையைப் பார்க்காமல், அலமாரியைப் பார்த்துப் பேசினார்.

"நாளையிலேருந்து மாடிக் குடோன்ல பேக்கிங் பாரு தாயி. இங்க வேற ஆளப் போட்டுக்கிடுதேன்."

எது சொன்னாலும் சரி என்று சொல்லிப் பழகிய வாய் அவளுடையது.

"நாளைக்குத்தான அண்ணாச்சி?" என்றாள்.

அவர் கல்லாவுக்குத் திரும்பிப் போனார்.

மணி நாலுதான் ஆகியிருந்தது. கடை சாத்த ஒன்பதாகும். கவுண்டரைச் சுற்றி ஆறேழு பெண்கள் நின்றார்கள். எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

துணியில் எண்ணெய் தொட்டு, பழைய கோடுகளைத் துடைத்தாள். விரல்களை அகல விரித்து, இடது கையைக் கண்ணாடியின் நடுவில் வைத்தாள்.

"அடுத்து யாருக்குக் காட்டணும்?"