எந்தப் பக்கம் மேலே

பெர்கன் நகரத்துப் பழைய கேமராக் கடையில், சிக்ரித் இரண்டு ஸ்கேனர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"சின்னது வேணாங்க. அதுல உங்க வீட்டுக்காரர் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி தெரிவார்," என்றார் கடைக்காரர் தோர்லைஃப்.

"நேர்லயும் அப்படித்தான் இருந்தார்."

"மூடியில விளக்கு இருக்கிற இதை எடுங்க. நெகட்டிவை வச்சதுமே படம் திரையில தெரியும். பிடிச்சதை மட்டும் ஸ்கேன் பண்ணலாம்."

"அவர் சிரிக்கிற படம் ஒண்ணு போதும்."

கோடைதோறும் அவள் கணவர் ஹால்வார் தனியாக வடக்கே மீன்பிடிக்கப் போவார். அங்கே எடுத்த படங்களை அவளுக்குக் காட்டியதே இல்லை.

தோர்லைஃப் அவள் கொண்டுவந்த நெகட்டிவ்களில் ஒன்றை வைத்தார். திரையில் ஹால்வார் ஒரு படகின் முன்னால் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் ஒரு பெண் சாய்ந்திருந்தாள்.

"சொந்தக்காரங்களா?"

சிக்ரித் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. "அவர் மோதிரம் ஏன் இடது கையில இருக்கு?"

"அடடா, ஃபிலிமைப் பக்கம் மாத்தி வச்சுட்டேன். இடம் வலமாயிருக்கும்."

அவர் திருப்பி வைத்தார். மோதிரம் வலது கைக்கு வந்தது. சிக்ரித்துக்கு மூச்சு வந்தது.

ஆனால் படகில் எழுதியிருந்த பெயர் இப்போது கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பியிருந்தது.

"முதல்ல வச்சதுதான் சரி," என்றார் தோர்லைஃப், மெதுவாக.

சிக்ரித் தன் கையைப் பார்த்தாள். கணவனை அடக்கம் செய்த அன்றுதான், துணையை இழந்தவர்களுக்கான ஊர் வழக்கப்படி, கல்யாண மோதிரத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியிருந்தாள்.

"அந்த வடக்கு ஊர்ல நான் செத்து எத்தனை வருஷமாச்சோ," என்றாள்.