நம்பர் இல்லாத வண்டி

உச்சி வெயிலில், பின்சக்கரம் பஞ்சரான சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறாள் செவிலி. தோள்பையில் இன்சுலின் இருக்கிறது. ஊரின் மறுகோடியில் படுக்கையில் இருக்கும் பெரியவரால், இவள் போய் ஊசி போட்டால்தான் சாப்பிட முடியும். எதிரே ‘சாலையோர உதவி’ என்று எழுதிய வேன் நிற்கிறது. திறந்த கதவுக்குள் காற்றடிக்கும் எந்திரமும் பஞ்சர் ஒட்டும் பசையும் தெரிகின்றன. வேன்காரர் கைபேசியில் கம்பெனி செயலியைத் திறந்து நீட்டிக் காட்டுகிறார். “வண்டி நம்பர் போட்டாதான்க்கா இது அடுத்த பக்கத்துக்கே போகும். அது போகாம நான் கை வைக்க முடியாது.” “சைக்கிளுக்கு ஏதுப்பா நம்பர்? என் செருப்பு சைஸ் ஏழு, அதைப் போட்டுக்க.” அவர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொள்கிறார். “பக்கத்துல சைக்கிள் கடை இருந்தா தள்ளிட்டுப் போங்களேன்.” “நீ வேனை நிறுத்தியிருக்கியே, அந்த இடம்தான்ப்பா சைக்கிள் கடை. இடிச்சுட்டுக் கார் நிறுத்தக் கோடு போட்டுட்டாங்க.” அவர் குனிந்து வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறார். அவள் சைக்கிளைச் சாலையில் இறக்கித் தள்ளுகிறாள். தட்டையான டயர் தார் மீது தப்தப்பென்று அடிக்கிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. ஒருவர் கண்ணாடியை இறக்கி, “ஓரமாப் போம்மா!” என்று கத்துகிறார். ஓரம் முழுக்கக் கார்கள் நிற்கின்றன. அவள் திரும்பிப் பார்க்காமல், மணியை விடாமல் அடித்துக்கொண்டு நடுச்சாலையிலேயே நடக்கிறாள்.