ஒன்பதாம் நாள் சுற்றிய பெடல்

தூர்வாரிய கிணற்றிலிருந்து வந்த சைக்கிளை ரஞ்சிதம் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முப்பது வருஷத்துக்கு முன், அவள் தபாலாபீஸ் வேலையில் சேரவிருந்த காலையில், அண்ணன் தேவசகாயம் அதைத் தூக்கி உள்ளே எறிந்திருந்தான். இப்போது அவன் கால் விளங்காமல் கட்டிலில் கிடந்தான். பார்த்துக்கொள்ள அவள் ஒருத்திதான்.

“பழைய இரும்புக்குப் போட்டுடு,” என்றான்.

அவன் கண்ணெதிரிலேயே வைத்து, துருவேறி இறுகிய ஒவ்வொரு நட்டிலும் டீசல் விட்டாள். அசையாததைத் தீயில் காட்டித் தட்டினாள். புது டயர் மாட்டினாள். ஒன்பதாம் நாள் பெடல் சுற்றியது.

“அடுப்புல சோறு இருக்குண்ணே. கொதிச்சதும் இறக்கிக்குங்க.”

“நான் எப்படிடி எழுந்திரிப்பேன்?”

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

“அணைச்சிட்டாவது போடி!”

தெருமுனை வரை அந்தக் குரல் கேட்டது. ரஞ்சிதம் நிதானமாக மிதித்தாள்.