பிறகு என்ற பொத்தான்

ராடிம் ஆறு மணிக்கு எழுந்தான். கண்ணாடித் தம்ளரில் காப்பித்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினான். தூள் அடியில் படியும்வரை நின்றான். நீள ரொட்டி ஒன்றைப் பிளந்து வெண்ணெய் தடவினான். இரண்டு பாதியையும் அவனே தின்றான்.

மேசையைத் துடைத்தான்.

மேசையின் மறுபக்கம் மனைவி இவோனாவின் மடிக்கணினி திறந்தே இருந்தது. அவள் இறந்து ஏழு மாதம்.

திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி. 'புதுப்பிப்பு தயார். கணினியை மூடித் திறக்க வேண்டும்.' கீழே இரண்டு பொத்தான்கள்: இப்போது, பிறகு.

'பிறகு' என்பதை அழுத்தினான். பெட்டி மறைந்தது. நாளை இதே நேரம் மறுபடி வரும். அவன்தான் அப்படி வடிவமைத்திருந்தான்.

பெட்டிக்குப் பின்னால் இவோனா நிரப்பிய முன்பதிவுப் படிவம். யெசெனிகி மலையில் ஒரு மரக்குடில். இரண்டு பேர். தேதிக் கட்டம் மட்டும் காலி.

கணினியை மூடித் திறந்தால் படிவம் போய்விடும்.

ட்ராம் பிடித்தான். அலுவலகத்தில் ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்புக்கு மாறினான்.

அன்றைய கூட்டத்தில் ஒரே பேச்சு: 'பிறகு' பொத்தானை எடுத்துவிடலாமா? மூன்று முறை தள்ளிப்போட்டால், நான்காவது முறை கணினி தானே மூடித் திறந்துகொள்ளட்டும். பெட்டி ராடிமுடையது. அவன் தலையாட்டினால் முடிந்தது.

ஷார்க்கா சோதனைக் கணினிகளின் பட்டியலைச் சுவரில் காட்டினாள். பெயர்கள் கிடையாது, எண்கள்தான்.

"இதப் பாருங்கப்பா. இருநூத்திப் பதினோரு தடவை 'பிறகு'. ஒருநாள்கூட விடல. எந்தச் சோம்பேறி மகராசன்டா இது?"

அறையே சிரித்தது. ராடிமும் பல்லைக் காட்டினான்.

"பொத்தான் இருக்கட்டும்," என்றான். "அழுத்தினா, எப்போன்னு கேக்கணும். அவங்களே ஒரு நாள் குறிக்கட்டும்."

ஷார்க்கா மேசையைத் தட்டினாள். "அட, இது ஏன் நமக்குத் தோணல? எங்கேர்ந்து புடிச்ச?"

ராடிம் குறிப்பேட்டை மூடினான்.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள். "புதுப் பெட்டியும் புதுப்பிப்போடதான போகும்? நம்ம மகராசன் ஒரு தடவையாவது 'இப்போது'ன்னு அழுத்தாம அது அவனுக்குப் போய்ச் சேராதே."

மூன்று வாரத்தில் புதுப் பெட்டி வெளியானது.

மறுநாள் ஆறு மணி. தூள் அடியில் படிந்தது. ரொட்டியில் ஒரு பாதி தட்டிலேயே கிடந்தது.

பழைய பெட்டி வந்தது. படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தான். இரண்டு பேர்.

'இப்போது' என்பதை அழுத்தினான்.

திரை கறுத்தது.

அடக்கத்தன்று மாமியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். அம்மாவைப் பார்க்கணும் என்றாள் என்று சொல்லி வைத்தான். அந்த அம்மா இன்றும் அதை வைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறாள்.

உண்மையில் இவோனா அந்த வாரம் முழுக்க, மலைக்கு எந்தத் தேதியைப் போடட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றான். கடைசிநாள் காலை, அவன் சோதனைக்காக ஏற்றிக்கொடுத்த பெட்டி முதல்முறையாக அவள் திரையில் வந்தது. அவன் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் ட்ராமில் இருந்தபோதே அவள் மூளையில் ஒரு நாளம் வெடித்துவிட்டது.

வாயில் ரொட்டியோடு அவள் சொன்னது இதுதான்:

"'பிறகு'ன்னு போட்டிருக்க, சரி. எப்போன்னு எங்கடா இருக்கு? உன் பெட்டியும் உன்னை மாதிரியேதான்."