அதே சிரிப்பு

“ஏம்மா, கையில என்னது? இங்க காட்டு!”

ஜெரால்ட் போட்ட சத்தத்தில் கேட் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. காலை ஷிப்ட். கேட்டில் இருக்கும் கேமராவில் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும், வருகையும் பதிவாகும். அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்தான் ஜெரால்ட். அதை யாரோ ஏமாற்றுவதைக் கையும் களவுமாகப் பிடிக்கவே சென்னையிலிருந்து முதல் டிரெயினைப் பிடித்து வந்து, செக்யூரிட்டி அறையில் ஒளிந்திருந்தார்.

மாட்டியது ஒரு பெண். மணல் தூசுக்குப் பயந்து வரிசையில் எல்லாருமே முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். கேமரா முன்னால் வந்ததும் இறக்கினார்கள். இவள் மட்டும் இறக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள்.

‘வணக்கம், அஞ்சம்மாள்’ என்றது மிஷின்.

ஜெரால்ட் ஓடிவந்து போட்டோவைப் பிடுங்கினார். லட்சணமான முகம். பல் தெரியச் சிரிப்பு.

“ஆபீஸ்ல உக்காந்தே கண்டுபிடிச்சேன், தெரியுமா? தினமும் அதே சிரிப்பு! துளி மாறல. காலை ஷிப்டுக்கு எவன்யா தினமும் சிரிச்சுட்டு வர்றான்?”

கேட் செக்யூரிட்டி நர்மதா குறுக்கே வந்தாள். “சார், கொஞ்சம் தனியா வாயேன். ஒண்ணு சொல்லணும்.”

“நீங்க பேசவே கூடாது. கண்ணெதிர ஒருத்தி போட்டோவைக் காட்டறா, நீங்க வானத்தைப் பாத்துட்டு நிக்கறீங்க. வரிசையில நிக்கறவங்களும் அப்படித்தான். மொத்தப் பேரும் கூட்டுக் களவாணிங்க!”

“காலங்காத்தால இன்னா பேஜாரு இது” என்று பின்னாலிருந்து யாரோ முனகியதோடு சரி.

“உன் பேரென்ன?” என்றார் அந்தப் பெண்ணிடம்.

“அஞ்சம்மா சார்.”

“அடேங்கப்பா! எவ்வளவு அசராம சொல்றா பாருங்க. நீ அஞ்சம்மான்னா உனக்கு எதுக்கும்மா போட்டோ? அந்த மகராணி வீட்ல தூங்குது, நீ வந்து அவளுக்கு ஆஜர் போடற. அதானே?”

அவள் முகத்துத் துணியை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

“உட்டுடு சார், உனுக்குப் புண்ணியமாப் போவும்,” நர்மதா கையெடுத்துக் கும்பிட்டாள். “அவ சம்பாத்தியத்துலதான் ஊட்ல ரெண்டு புள்ளைங்க சோறு துன்னுது. கேட்டு தொறக்கலன்னா வேலையே பூடும் சார்.”

ஜெரால்டுக்குக் கருத்து சொல்ல இடம் பொருள் ஏவல் எதுவும் வேண்டாம். லேப்டாப்பைத் திறந்துகொண்டே ஆரம்பித்தார்.

“இதான் நம்ம லட்சணம். சிட்டியில ஒருத்தன் சிக்னல்ல நிக்கறானா? பக்கத்து ஃபிளாட்டுல யாருன்னு தெரியாது, ஆனா எங்க போனாலும் ‘நம்ம ஆளு, கொஞ்சம் பாத்து விடுப்பா’ன்னு மட்டும் சொந்தம் முளைச்சுடும். மனுஷனை நம்பினா உருப்படாதுன்னுதான் மிஷினைக் கொண்டுவந்தோம். மிஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது. கையெழுத்து, சூப்பர்வைசர் சிபாரிசு, எல்லாத்தையும் தூக்கியாச்சு. புதுசா ஒரு முகத்தைப் பதியணும்னாகூட ஆதார்ல இருக்கற முகத்தோட ஒத்துப்போகணும். இல்லன்னா யார் வந்து சொன்னாலும் நடக்காது. இருந்த ஓட்டை இது ஒண்ணுதான். இதையும் இப்ப அடைக்கறேன்.”

கடகடவென்று தட்டினார். நர்மதா வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு கெட்டிக்காரர்.

“இனிமே கேமரா முன்னால கண்ணைச் சிமிட்டணும். போட்டோ சிமிட்டுமா? போ, போய் நில்லு. துணியை அவுரு. நீ யாருன்னு மிஷினே சொல்லட்டும்.”

“வேணாம் சார்…” நர்மதா அழுதே விட்டாள்.

அந்தப் பெண் கேமரா முன்னால் போய் நின்றாள். துணியை அவிழ்த்தாள். வரிசை மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. அந்தப் பாழாய்ப்போன மிஷின் மட்டும் அவளையே பார்த்தது.

‘கண்களைச் சிமிட்டவும்.’

ஒரு கண்தான் சிமிட்டியது. இன்னொன்றுக்கு இமை இல்லை.

‘கண்களைச் சிமிட்டவும்.’

மறுபடியும் முயன்றாள். பாவம், கன்னத்தைக்கூட இழுத்துப் பார்த்தாள்.

‘முகம் பொருந்தவில்லை. அனுமதி இல்லை.’

கதவு பூட்டிக்கொண்டது.

ஜெரால்ட் அவளைப் பார்த்தார். கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார். “இல்ல… புதுசா பதிவு பண்ணி…” என்று ஆரம்பித்தவர், ஆதார் முகத்தோடு ஒத்துப்போகணும் என்று தானே சொன்னது உறைக்க, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அவள் துணியை மறுபடி கட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

“அதைக் குட்த்துடு சார். உள்ள உலை வெடிக்கறதுக்கு முன்னாடி எம் மூஞ்சி எப்டி இருந்துச்சுன்னு புள்ளைங்களுக்குக் காட்டறதுக்கு, அது ஒண்ணுதான் இருக்குது.”