அண்டவிழுங்கியின் முகம்

"நிப்பாட்டுகா சவரத்தை!"

பாதி முகத்தில் நுரையோடு கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினார் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் கந்தப்போடி. நல்ல காலம், யோகராசா கத்தியைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். இல்லாவிட்டால் ஊருக்குப் புது மனேஜர் தேடவேண்டி வந்திருக்கும்.

"என்ன போடியார், கையைத் தவறவிட்டுட்டனோ?"

"உன்ட கைக்கு ஒண்டுமில்ல. இவன்ட கையைத்தான் முறிக்க வேணும். பார், என்னை எப்பிடிப் படம் கீறி வைச்சிருக்கான்!"

மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்த கொப்பியைத் தூக்கி ஆட்டினார்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் பாதை பூட்டியதிலிருந்து இந்தியாவின் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றுகூட மட்டக்களப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முடி வெட்ட வந்து குந்தியிருக்கிற ஆட்கள் எத்தனை நாளைக்குத்தான் சுவரில் தொங்கும் பழைய கலண்டரையே பார்ப்பது? அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவன் இராசதுரை. படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூட முகாமில் கிடக்கிற போர்ட் எழுதுகிறவன். சண்டைக்குள்ளே புதுக்கடை திறந்து போர்ட் எழுதக் கூப்பிட எவனுக்குப் பைத்தியம்? சும்மா கிடந்த கையால் கிழமைக்கு ஒரு கதை கீறி, யோகராசாவின் சலூனில் கொண்டுவந்து வைத்தான்.

கதையின் வில்லன் அண்டவிழுங்கி. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவி, உலகங்களை முழுசு முழுசாய் விழுங்குகிறவன். ஏழு உலகம் தின்றும் பசி அடங்கவில்லை. எட்டாவதாய் நம்முடைய பூமிக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். மின்னல்வீரன் வந்து என்ன செய்யப்போகிறான் என்று ஊரே காத்துக் கிடந்தது.

"விழுங்கிறானாமே, விழுங்கிறான்! ஆரைச் சொல்லுறான்? நான் என்னத்தை விழுங்கின? லொறியையா?"

யோகராசா கொப்பியை எட்டிப் பார்த்தான். அண்டவிழுங்கிக்கு மூன்று கண். கன்னம் இரண்டும் குழி விழுந்து, தாடை எலும்பு தள்ளிக்கொண்டு நின்றது. கந்தப்போடியின் கன்னமோ இப்போதுதான் சுட்டெடுத்த பணியாரம். பதினைந்து வருஷமாய் ஊரார் முகங்களைத் தடவித் திரிகிறவனுக்கு இது தெரியாதா? மருந்துக்கும் சாடை இல்லை.

ஆனால் இந்த மனுஷன் ஏன் லொறியை இழுக்கிறார்?

ஒன்றரை மாதமாய் "நிவாரண லொறி வரல்ல, வரல்ல" என்றே சொல்லி அகதிச் சனத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் கந்தப்போடி. முகாமில் நாற்பது குடும்பம் வெறும் தேத்தண்ணியில் நாளைக் கடத்தியது. சீதேவிப்பிள்ளையின் கைக்குழந்தை அழக்கூடப் பெலன் இல்லாமல் கிடந்ததைக் காலையில்தான் யோகராசா கண்டுவிட்டு வந்திருந்தான்.

அட படுபாவி! வந்த சாமானைப் பதுக்கி வைத்துக்கொண்டா இந்தப் பேச்சு? முகத்தில் மட்டும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"ஓம் போடியார், இப்ப பாக்கக்குள்ள உங்கட சாடைதான்."

"பாத்தியா! பாத்தியா!"

"அடுத்த கதையையும் எனக்கிட்டச் சொன்னவன்." பச்சைப் பொய்.

"என்னவாம்?"

"விழுங்கின உலகத்தையெல்லாம் ஒரு கிட்டங்கிக்குள்ள அடுக்கிப் பூட்டி வைச்சிருக்கானாம். மின்னல்வீரன் கதவை உடைச்சுச் சனத்துக்குக் காட்டப் போறானாம். நீலக் கதவு எண்டு சொன்ன ஞாபகம்."

சங்கக்கடைச் சாமான் அடுக்கும் கிட்டங்கியின் கதவும் நீலம்தான்.

கந்தப்போடியின் முகத்து நுரை அப்படியே காய்ந்தது. "அது... எப்ப வருதாம்?"

"நாளைக்கு. முகாமில எல்லாரையும் கூட்டி வாசிச்சுக் காட்டப் போறானாம். கொழும்பில இருந்தும் ஆரோ பெரிய ஆக்கள் வாறாங்களாம்."

கழுத்துத் துணியைக்கூடக் கழற்றாமல் மனுஷன் வெளியே பாய்ந்தார்.

அடுத்த நாள் காலமை நீலக் கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

"விடியப்புறம் லொறி வந்தது! எல்லாரும் வாங்க, நிவாரண அட்டையைக் கொண்டு வாங்க!" என்று கந்தப்போடியே தொண்டை கிழியக் கூவிக்கொண்டு நின்றார். ஒரு பக்கக் கன்னம் வழித்தபடி, மறு பக்கம் அப்படியே.

மா, பருப்பு, சீனி, பால்மா. வரிசை வாவிக்கரை மட்டும் போனது. ஈர மண்ணில் லொறித் தடம் ஒன்றையும் காணோமே என்று ஒருவன் சொல்ல, பின்னால் நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. சீதேவிப்பிள்ளை பால்மாப் பெட்டியைத் தலைக்குமேலே தூக்கிக் குரவை போட்டாள் பாருங்கள்! வரிசையில் நின்ற பெண்டுகள் அத்தனை பேரும் சேர்ந்து குரவையிட, அம்மன் கோயில் திருக்குளிர்த்தித் திருவிழா தோற்றது போங்கள்.

மா மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்த இராசதுரையைச் சலூன் வாசலிலேயே கட்டிப்பிடித்தான் யோகராசா. நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் கொட்டித் தீர்த்தான்.

"நீ ஆள்தான்கா! சாடை இல்லாட்டியும், அந்த மனுஷன் சாமான் பதுக்கினதைத் தெரிஞ்சுதானே கீறின நீ?"

இராசதுரை முழித்தான். "எனக்கென்னண்ணன் தெரியும்? லொறி வரல்ல எண்டுதான் நானும் நம்பின. மனேஜரை நினைச்சு நான் கீறவே இல்லையே."

"அப்ப அந்த மூஞ்சி ஆர்ட?"

இராசதுரையின் கை தன் குழி விழுந்த கன்னத்தைத் தடவியது.

"ஒரு நாள் பசி தாங்க ஏலாம, என்ட பிள்ளைக்கு எடுத்து வைச்ச ரொட்டியை நான் திண்டுட்டனண்ணன். அண்டைக்குத்தான் கண்ணாடியைப் பாத்து அவனைக் கீறின."

தோளில் இருந்த மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இண்டைக்குப் பிள்ளை வயிறு நிறையத் திங்கும். இண்டைக்கு அவனைக் கொல்லப் போறன்."